பலகை ஓரத்தையும் சேர்த்து எடுங்க

எங்க ஊருக்கு ரயில் கிடையாது. பெரம்பலூர் 1995-லயே தனி மாவட்டம் ஆயிடுச்சு. மருத்துவக் கல்லூரி இருக்கு, பொறியியல் கல்லூரிங்க இருக்கு, திருச்சி-சென்னை நெடுஞ்சாலை ஊரை உரசிக்கிட்டுப் போகுது. தண்டவாளம் மட்டும் இல்ல. ரயிலைப் பாக்கணும்னா பஸ் ஏறி முப்பது கிலோமீட்டர் அரியலூர் போகணும். அரியலூர்-பெரம்பலூர்-துறையூர்-நாமக்கல்னு ஒரு பாதை வரும்னு எனக்கு நினைவு தெரிஞ்சதுலருந்து பேசிக்கிட்டிருக்காங்க. வரட்டும். அதுவரைக்கும் பொறுக்க முடியாம நானே மாடி ரூம்ல ஒண்ணு போட்டுட்டேன். எட்டடி நீளம், ரெண்டடி அகலம், பிளைவுட் பலகை மேல.

இதுக்கு எங்க கூட்டத்துல 'லேஅவுட்'னு பேர். இந்த வார்த்தையை பெரம்பலூர்ல வெளிய சொல்லக்கூடாதுன்னு லேட்டாத்தான் புரிஞ்சுது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட "மாடியில ஒரு லேஅவுட் போட்டிருக்கேன் சார்"னு ஒரு நாள் வாய்விட்டுட்டேன். "அப்ரூவல் ஆனதா? சென்ட் என்ன விலை?"ன்னு கேட்டார். இன்னிக்கு வரைக்கும் நான் ரியல் எஸ்டேட் பண்றேன்னுதான் அவர் நம்பிக்கிட்டிருக்கார் :-)

நான் செஞ்சுக்கிட்டிருக்கிறது அரியலூர் ஸ்டேஷன். இப்ப இருக்கிற அரியலூர் இல்ல. இப்ப ரெட்டைப் பாதை, மேல கரண்ட் கம்பி, பிராட் கேஜ். என்னோடது மீட்டர் கேஜ் காலத்து அரியலூர். ஒத்தைப் பாதை, கைகாட்டி சிக்னல், கரி எஞ்சின். சின்ன வயசுல மாமா வீட்டுக்குப் போறப்ப பார்த்தது. விழுப்புரம்-திருச்சி கார்டு லைன் முழுக்க 2000-த்தை ஒட்டி அகலப்பாதை ஆனப்ப, அந்த ஸ்டேஷன் போட்ட இடத்துலயே காணாம போயிடுச்சு.

அளவு 1:87. ஹெச்ஓ-ன்னு சொல்லுவாங்க, உலகத்துல அதிகம் பேர் செய்யறது இதுதான். இதுல ஒரு சிக்கல் இருக்கு, பின்னாடி வேணும்ங்கிறதால இப்பவே சொல்லிடறேன். கடையில கிடைக்கிற ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அதை 87-ஆல பெருக்கினா 1435 மி.மீ. அது ஐரோப்பா, அமெரிக்கா கேஜ். நம்ம பிராட் கேஜ் 1676 மி.மீ. அதுக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல வேணும், கடையில கிடைக்காது. மீட்டர் கேஜுக்கு பதினொண்ணரை மி.மீ. வேணும். சுவிட்சர்லாந்து மலை ரயில் செய்யறவங்களுக்காக 12 மி.மீ. தண்டவாளம் வருது, பீகோ மாதிரி கம்பெனிங்க போடறது. அதை வெளிநாட்டுலருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ்காரருக்கும் நமக்கும் நல்ல நட்பு ஏற்படும். நான் அந்த 12-ஐத்தான் போட்டிருக்கேன். மீட்டர் கேஜ் பெட்டி ஒண்ணு இந்த அளவுல இருபத்திரண்டு சென்டிமீட்டர் வரும். எஞ்சினோட சேர்த்து பத்து பெட்டி நிறுத்தினா என் எட்டடி பலகை காலி. அதனால என் தூத்துக்குடி எக்ஸ்பிரஸுக்கு நாலே பெட்டி.

பெட்டிங்க எல்லாம் சன்போர்டு. மரம், பாத்திரம் கழுவற ஸ்பாஞ்ச். தரை, டீ போட்ட பிறகு காயவச்ச டீத்தூள். (வீட்டுல பில்டர் காபி குடிக்கிறவங்க இந்தத் தொழிலுக்கு லாயக்கில்ல.) எல்லாத்துக்கும் மேல, அரியலூர்னா அரியலூரா தெரியணுமே, அதுக்கு சுண்ணாம்புத் தூசி. சிமென்ட் லாரி போற ரோட்டோரத்துல வேப்பமரம் என்ன நிறத்துல இருக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். பச்சை இல்ல. முகத்துக்குப் பூசற பவுடரை மெல்லிசாத் தட்டினேன், அசல் அரியலூர் ஆயிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த மாதிரி செய்யற கிறுக்குங்க தமிழ்நாட்டுல அங்கங்க இருக்கோம். எனக்குப் பழக்கமானவங்க ஏழெட்டு பேர். விழுப்புரத்துல ஒருத்தர், திருச்சி பொன்மலையில ஒருத்தர், அரியலூர்லயே சிமென்ட் ஆலையில வேலை பாக்கிற ஒரு தம்பி, மதுரையில ரெண்டு பேர், இப்படி. ஒருத்தர் லேஅவுட்டை இன்னொருத்தர் நேர்ல பாக்கிறது வருஷத்துல ஒரு தடவை நடந்தா அதிசயம். மத்தபடி எல்லாமே போட்டோதான். செஞ்சதை படம் எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிறோம். எங்க பொழுதுபோக்குல பாதி செய்யறது, பாதி காட்டறது. காட்ட ஆள் இல்லன்னா எனக்கு இந்த சன்போர்டை வெட்டற பொறுமை வந்திருக்காதுன்னு ஒத்துக்கறேன்.

ஆனா நாம அனுப்பிக்கிற படமெல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு. பளபளன்னு ஒரு எஞ்சின், பின்னாடி மங்கலா ஒரு மரம், மேல நீல அட்டை வானம். ஓரமெல்லாம் வெட்டியாச்சு. பலகை எங்க முடியுது, பக்கத்துல என்ன இருக்கு, அந்த ஸ்டேஷன் கட்டடத்துக்குப் பின்பக்கச் சுவர் இருக்கா இல்லையா, எதுவும் தெரியாது. மாப்பிள்ளை பொண்ணு மட்டும் தெரியும், பந்தியில சாம்பார் தீர்ந்து போனது ஆல்பத்துல வராது. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: ஓரத்தை வெட்டாம எடுங்க. ஒயர் தொங்கினா தொங்கட்டும். முடியாத வேலையை முடியாததாவே காட்டுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு எடுங்க. அழகான படம் ஒண்ணு அனுப்பினா கூடவே இந்த மாதிரி அசிங்கமான படம் அஞ்சு அனுப்புங்க.

இப்படி சொல்ற யோக்கியதை எனக்கு இருக்கான்னு கேட்டா, இல்ல. ஏன்னு சொல்றேன்.

எங்க கூட்டத்துல ஒருத்தர் இருந்தார். பேர் வேண்டாம். அவங்க அப்பா விருத்தாசலம் ஜங்ஷன்ல வேலை பார்த்தவர், ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவர். கார்டு லைனும் சேலம்-கடலூர் பாதையும் சந்திக்கிற இடம் அது, மீட்டர் கேஜ் காலத்துல பெரிய யார்டு. அவர் அதை அப்படியே செஞ்சுக்கிட்டிருந்தார். யார்டு, குவார்ட்டர்ஸ் வரிசை, தண்ணித் தொட்டி, எல்லாம் அவர் சின்னப் பையனா ஓடித் திரிஞ்ச ஞாபகத்துலருந்து. வரைபடம் ஏதும் இல்ல. ஒரு நாள் முதல் தடவையா நாலு படம் அனுப்பினார். வெட்கப்பட்டுக்கிட்டே, "இன்னும் முடியல, தப்பு இருந்தா சொல்லுங்க"ன்னு ஒரு வரி.

அவர் போட்டிருந்தது 16.5 தண்டவாளம். கடையில கிடைச்சதை வாங்கிப் போட்டிருக்கார், 12 மி.மீ. வாங்க அவருக்கு வசதி இல்ல. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "அண்ணே, மீட்டர் கேஜ் எப்ப 1435 மில்லிமீட்டர் ஆச்சு? கெஜட்ல வந்துச்சா?"ன்னு எழுதினேன். மத்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தர் 'டாய் டிரெயின்'னார். அவரும் சிரிச்ச மாதிரி ஒரு பதில் போட்டார். அதுக்கப்புறம் படம் வரல.

நான் அதை மறந்தும் போயிட்டேன். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, மீட்டர் கேஜ் யார்டுல எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கிற குழாய் தண்டவாளத்துலருந்து எவ்வளவு தள்ளி நிக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். அவரைத்தான் கேக்கணும்னு போன் பண்ணேன். வீடு மாறிட்டேன் தம்பி, புது வீட்டுல இடமில்ல, பலகையை அறுத்து ஷெல்ஃப் பண்ணிட்டோம்னார். கோவமெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னார். படம் இருக்கான்னு கேட்டேன். உங்களுக்கு அனுப்பினதுதான், வேற எடுக்கலன்னார். ஏன் எடுக்கலன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும்ல.

அந்த நாலு படத்தையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெட்டினது. ஒண்ணுல மட்டும் இடது கோடியில அந்தத் தண்ணிக் குழாயோட வளைஞ்ச கழுத்து தெரியுது. அடிப்பாகம் படத்துக்கு வெளிய. கேஜ் தப்புன்னு நான் கண்டுபிடிச்ச அந்த லேஅவுட்டுல, வேற எங்கயும் கிடைக்காத ஒரு ஊர் இருந்திருக்கு. நான் நாலு மில்லிமீட்டரைத்தான் பார்த்தேன்.

மேல்நாட்டுல ரிவெட் எண்றவங்கன்னு ஒரு கேலிப் பேர் உண்டு. மாடல்ல ரிவெட் ஒண்ணு குறைஞ்சாலும் கண்டுபிடிச்சுக் குதறுவாங்க. நான் எண்ண வேண்டாம்னு சொல்லல. எண்ணுங்க, எனக்கும் எண்ணுறது பிடிக்கும். தப்பை எல்லார் முன்னாடியும் ஜோக்கா சொல்லாம, தனியா, "இது இப்படி வரும்னு நினைக்கிறேன், நீங்க எங்க பார்த்தீங்க?"ன்னு கேட்டிருந்தா அவர் பாக்கிப் படத்தையும் அனுப்பியிருப்பார். காட்டறவன் வெட்டிக் காட்டறதுக்குக் காரணமே பாக்கிறவன்தான்.

அமெரிக்காவுல ஜான் ஆலன்னு ஒருத்தர் இருந்தார். கலிஃபோர்னியாவுல மான்டெரே ஊர். தொழில் போட்டோகிராஃபி. வீட்டுக்கு அடியில இருந்த தளத்துல ஒரு பிரம்மாண்டமான ஹெச்ஓ லேஅவுட் போட்டார், பேர் 'கோர் அண்ட் டஃபீட்டட்'. ஆங்கிலத்துல சொல்லிப் பார்த்தா 'ரத்தக்களரியாகித் தோத்துப்போன' மாதிரி ஒலிக்கும், அந்த ஊர்க்காரங்க குசும்பு. புது எஞ்சினை அப்படியே விடாம துரு, எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்கு எல்லாம் ஏத்தி நிஜமாக் காட்டற வித்தையைப் பரப்பினதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. என் பவுடர் வேலைக்கெல்லாம் அவர்தான் பாட்டன். 1973 ஜனவரியில மாரடைப்புல போயிட்டார். அவர் போன சில நாள்லயே அந்த வீட்டுல தீப்பிடிச்சு லேஅவுட் பெரும்பாலும் எரிஞ்சுபோச்சு. இன்னிக்கும் உலகம் பூரா ஆளுங்க அதைப் பத்திப் பேசறாங்க, அதைப் பார்த்து செய்யறாங்க. எப்படி? அவர் எடுத்த படங்கள் இருக்கு. அதனால.

(அந்த லேஅவுட்டுல ஷண்டிங் பண்ண ஒரு டைனோசர் இருந்துச்சு. நிஜமாத்தான். முதுகுல தட்டு தட்டா இருக்குமே அந்த ஸ்டெகோசாரஸ், நம்பர் 13, பேர் எம்மா. நம்ம அரியலூர்ப் பக்கம் கிடைச்ச எலும்பு ஒண்ணை அதே ஸ்டெகோசார் வகைன்னு சொல்லி 1979-ல திராவிடோசாரஸ்னு பேர் வச்சாங்க. அப்புறம் வந்தவங்க அது கடல்ல நீந்தற வேற பிராணின்னு மறுத்துட்டாங்க. மறுக்காம இருந்திருந்தா என் யார்டுலயும் ஒண்ணை விட்டிருப்பேன்.)

டைனோசர் பேச்சு எடுத்துட்டதால அரியலூர்க் கதை இன்னொண்ணு. கல்லமேடுன்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச பெரிய பெரிய எலும்பை வச்சு 1987-ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு நிலவியல் அறிஞர்கள் ப்ருஹத்காயோசாரஸ்னு ஒரு டைனோசரை அறிவிச்சாங்க. பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். கீழ்க்கால் எலும்பு மட்டும் ரெண்டு மீட்டர் நீளம்னு எழுதினாங்க. உண்மைன்னா, உலகத்துல நடந்த மிருகங்கள்லயே பெரிசுங்கள்ல ஒண்ணு. ஆனா வெளியானதுல கோட்டுப் படம் சிலது தவிர உருப்படியா பாக்க ஒண்ணும் இல்ல. மழையிலயும் ஈரத்துலயும் ஊறின எலும்பு பொடிப்பொடியா உதிர்ந்து போச்சு. எலும்பும் இல்ல, நல்ல படமும் இல்லன்னா வெளிநாட்டுக்காரன் என்ன சொல்வான்? அது எலும்பே இல்ல, கல்லாப்போன மரமா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. சந்தேகத்துலயும் நியாயம் இருக்கு, பெரம்பலூர் மாவட்டத்து சாத்தனூர்ல 18 மீட்டர் கல்மரமே படுத்துக்கிட்டிருக்கே. 2022-ல அய்யாசாமியும் இன்னொருத்தரும் சேர்ந்து, அதுவரை வெளிவராத அந்தக் காலத்துப் போட்டோக்களை ஒரு கட்டுரையில போட்டாங்க. அப்புறம்தான் ஆராய்ச்சிக்காரங்க திரும்ப அதை மதிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. முப்பத்தஞ்சு வருஷம். வாழ்ந்த மிருகத்துக்கே இந்த நிலைமைன்னா சன்போர்டு விருத்தாசலத்துக்கு என்ன நிலைமை?

நான் இப்ப எடுக்கிற முறையைச் சொல்றேன், வேணும்னா எடுத்துக்குங்க. செல்போனைத் தலைகீழாப் பிடிச்சு பலகை மேல வச்சா லென்ஸ் தரையை ஒட்டி வரும். நிஜ மனுஷன் கண் உயரம் இந்த அளவுல ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்ல, ஒண்ணே முக்கால்தான். அந்த உயரத்துலருந்து எடுத்தா பிளாட்பாரத்துல நிக்கிற மாதிரி இருக்கும். அது கல்யாண ஆல்பத்துக்கு. அப்புறம் ஸ்டூல் மேல ஏறி நேர் மேலருந்து ஒண்ணு, நாலு ஓரமும் தெரியற மாதிரி. அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணு, பக்கத்துல பள்ளிக்கூட ஸ்கேல். பலகைக்கு அடியில ஒயர் முடிச்சு ஒண்ணு. டியூப்லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எடுத்ததுல பத்துப் பதினஞ்சை போஸ்ட்கார்டு சைஸ்ல பிரிண்ட் போடறேன். எதுக்கு பிரிண்ட்? அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மீட்டர் கேஜ் காலத்து அரியலூர் படம் தேடித்தேடி நான் அலுத்துட்டேன். அந்தக் காலத்துல யார் எடுத்தாங்க? ஃபிலிம் ரோல்ல 36 படம்தான், அதுல காதுகுத்து, சீமந்தம் போக மிச்சம் இருந்தாத்தானே ஸ்டேஷன். போதாததுக்கு ஸ்டேஷன்லயும் பாலத்துக்கிட்டயும் படம் எடுக்கக் கூடாதுன்னு போர்டு. அதனால அந்த ஸ்டேஷன் பேப்பர்ல இல்ல, ஆளுங்க மண்டையில இருக்கு. அந்த ஆளுங்களுக்கு வயசு எழுபத்தஞ்சு, எண்பது.

சும்மா போய் "ஐயா, அந்தக் காலத்துல ஸ்டேஷன் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, "நல்லாத்தான் இருந்துச்சு தம்பி"ம்பாங்க. முடிஞ்சுது பேட்டி. ஆனா தப்பா செஞ்ச ஒண்ணோட படத்தைக் கையில குடுத்துப் பாருங்க!

சிமென்ட் ஆலைத் தம்பி மூலமா, ரயில்வேயில பாயின்ட்ஸ்மேனா இருந்து ரிடையர் ஆன பெரியவர் ஒருத்தர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில உக்கார வச்சு மோர் குடுத்தாங்க. பிரிண்ட்டைக் குடுத்தேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு மூக்குக்கிட்ட வச்சுப் பார்த்தார். முதல் படத்துலயே, "என்ன தம்பி, கைகாட்டி கை வலப்பக்கம் நீட்டுது?"ன்னார். எனக்குப் பகீர்னுச்சு. வர்ற டிரைவருக்கு கை கம்பத்துக்கு இடது பக்கம் தெரியணும். நான் பின்பக்கத்துலருந்து எடுத்த ஏதோ ஒரு படத்தைப் பார்த்து செஞ்சிருக்கேன். எங்க ஏழெட்டு பேர்ல ஒருத்தனும் கண்டுபிடிக்கல. ஸ்கேல் வச்சு ரிவெட் எண்ற கூட்டம்!

அப்புறம் அவரை நிறுத்த முடியல. டோக்கன் குடுக்கிறவன் எங்க நிப்பான், நிக்காம போற வண்டிக்கு வளையத்தை எப்படித் தூக்கிப் பிடிக்கணும், தோளை எப்படித் திருப்பலன்னா கை போயிடும், எல்லாம் எழுந்து நின்னு செஞ்சே காட்டினார். ஒத்தைப் பாதையில அந்தக் குண்டு டிரைவர் கைக்கு வராம வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கூடாது, அதான் சட்டம். கைகாட்டி விளக்குக்குப் பின்னாடி சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுல வெள்ளை வெளிச்சம் தெரிஞ்சாத்தான் உள்ள விளக்கு எரியுதுன்னு ஸ்டேஷன்லருந்தே தெரியும்னார். நான் கேட்டிருந்தா இதெல்லாம் வந்திருக்காது. கேக்கத் தெரிஞ்சாத்தானே கேக்கறதுக்கு. உள்ளேருந்து ஒரு பாட்டி, அவர் சம்சாரம்தான், எட்டிப் பார்த்து, "பிளாட்பாரத்துல பொம்பளை ஒருத்தியக்கூடக் காணோமே"ன்னாங்க. அதுவும் சரிதான். நான் வச்ச பதினோரு ஆளும் ஆம்பளைங்க.

கடைசிப் படம் பாலம். அதை எடுத்துட்டுப் போனதுக்கு உள்ளுக்குள்ள எனக்கே ஒரு பயம் இருந்துச்சு.

அரியலூர் தாண்டி கல்லகம் போற வழியில மருதையாறு. வருஷத்துல முக்காவாசி நாள் வெறும் மணல். 1956 நவம்பர் 23 அதிகாலை, அடைமழை வெள்ளத்துல பாலத்துக்கிட்ட கரை அரிச்சுப் போய், சென்னையிலருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல விழுந்துச்சு. 140 பேருக்கு மேல செத்தாங்க. லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி. அதே வருஷம் மெகபூப்நகர் விபத்துக்கு அவர் ராஜினாமா குடுத்தப்ப ஏத்துக்காத நேரு, அரியலூருக்கப்புறம் ஏத்துக்கிட்டார். அரியலூர்ங்கிற பேர் இந்தியா பூரா தெரிஞ்சது அப்படித்தான். அரியலூர் ரெண்டாவது தடவையா தனி மாவட்டம் ஆனது 2007-ல, அதுவும் நவம்பர் 23. தேதியை யாரும் யோசிச்சு வச்சாங்களோ இல்லையோ, கவனிச்சப்ப எனக்கு என்னவோ போல இருந்துச்சு.

என் எட்டடியில கடைசி ஒண்ணரை அடி அந்தப் பாலம். அதோட படத்தை முதல்ல எங்க கூட்டத்துக்கு அனுப்பினப்ப ஒருத்தர், "வண்டியைக் கவுத்து வச்சு ஒண்ணு எடுங்க சார், செமையா இருக்கும்"னார். கெட்ட மனுஷன் இல்ல. வெளிநாட்டு லேஅவுட்டுங்கள்ல விபத்துக் காட்சி வைக்கிறது சகஜம், கிரேன் வந்து தூக்கற மாதிரியெல்லாம் வைப்பாங்க. ஜான் ஆலன் பேர்லயே ரத்தக்களரி இருக்கு. இன்னொருத்தர் நேர் எதிர்ப்பக்கம்: "அந்தப் பாலத்தை எடுத்துடுங்க, அபசகுனம், வேற ஆறு வைங்க"ன்னார். நான் ரெண்டுக்கும் பதில் சொல்லல, எனக்கே தெரியல. கவுத்து வைக்க கை வரல. அங்க செத்தவங்க பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் அந்த வழியா ரயில்ல போறாங்க. அதுக்காக ஆத்தையே எடுத்துட்டா அது அரியலூர் இல்ல, அரியலூர் மாதிரி ஒரு பொம்மை. கல்யாண ஆல்பத்துல இறந்துபோன பெரியப்பாவை வெட்டி எடுக்கிற மாதிரி.

பெரியவர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். படத்துல பாலம் காலியாத்தான் இருந்துச்சு, வண்டி இல்ல. மணல், நடுவுல பிசின் ஊத்தி செஞ்ச ஒரு கோடு தண்ணி. "எங்கப்பா கேங்மேன்"னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கட்டைவிரல் நகத்தால படத்து மேல, பாலத்துத் தூணுக்குக் குறுக்க, ஒரு கோடு இழுத்தார். "தண்ணி இது வரைக்கும் நின்னுச்சுன்னு காட்டுவாரு. எனக்கு அப்ப ஏழெட்டு வயசு. அப்புறம் மழைக்காலத்துல அவரு வூட்ல தூங்கி நான் பார்த்ததில்ல." இவ்வளவுதான் சொன்னார். படத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். நானும் மேல கேக்கல.

அந்த பிரிண்ட் இப்ப என்கிட்ட இருக்கு. சாய்ச்சுப் பிடிச்சா வெளிச்சத்துல கோடு தெரியும். ஸ்கேல் வச்சு அளந்தேன், பக்கத்துல எடுத்த இன்னொரு படத்துல ஸ்கேல் இருந்ததால அளக்க முடிஞ்சுது. பாலத்துத் தூண்ல அந்த உயரத்துல, பென்சிலால மெல்லிசா ஒரு கோடு போட்டிருக்கேன். உத்துப் பாத்தாத்தான் தெரியும். வண்டி நிறுத்தாமத்தான் அதைப் படம் எடுக்கறேன், கேக்கிறவங்களுக்கு அந்தக் கோடு என்னன்னு சொல்றேன்.

விருத்தாசலத்துக்காரருக்கு போன வாரம் போன் பண்ணேன். அந்த கெஜட் ஜோக்குக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை இன்னுமா ஞாபகம் வச்சிருக்கே"ன்னு சிரிச்சார். அவருக்கு ஞாபகம் இல்லாமலா அப்படி சிரிச்சார்? பெரியவர் சொன்ன டோக்கன் கதையைச் சொன்னதும், "அது விருத்தாசலத்துல வேற மாதிரி"ன்னு ஆரம்பிச்சார். நாப்பது நிமிஷம். ஒரு நோட்டுல யார்டை வரைஞ்சு, போட்டோ எடுத்து அனுப்பறேன்னிருக்கார். அழகா வரைய வேண்டாம்ணே, கிறுக்கி அனுப்புங்க போதும்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப அரியலூர் போறேன், புது பிரிண்ட் இருபது இருக்கு. பிளாட்பாரத்துல ரெண்டு பொம்பளைங்களை வச்சாச்சு, ஒருத்தர் தலையில கூடை. பாட்டி புடவைக் கட்டுல தப்பு கண்டுபிடிப்பாங்கன்னு நினைக்கிறேன். கைகாட்டி கை மட்டும் இன்னும் வலப்பக்கம்தான் நீட்டிக்கிட்டிருக்கு. கம்பத்தைப் பிடுங்கினா தெர்மாகோல், டீத்தூள், பாதி ஜல்லி எல்லாம் சேர்ந்து கையோட வருது.